முற்றத்தில் தொடங்கும் கல்வி
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் கல்விக் கழகத்தின் மேடையில், பட்டம் பெற்றோர் பட்டியலைப் படித்துப் பெருமை கொள்வது வழக்கம். அப்பெருமை நமக்கும் உண்டு. ஆயினும் இன்று அப்பட்டியலைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தம் பெயரை எழுதவும் இன்னும் அறியாத, எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இடம்பெறாத நம் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றியும், அவர்களுக்கு முதல் ஆசிரியராக விளங்கும் பணியாளர்களைப் பற்றியும் பேச விழைகிறோம்.

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் மாலை வகுப்பு நடத்தினோம், விடுதி நடத்தினோம், உதவித்தொகை வாங்கித் தந்தோம். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் சென்றோம். ஆனால் அப்பிள்ளைகள் மூன்று வயதில் எங்கே இருந்தார்கள், என்ன கற்றார்கள் என்று நாம் கேட்டதில்லை. பயிர் வாடிய பின் நீர் இறைத்தோமே ஒழிய, நாற்றங்காலை நாம் எட்டிப் பார்க்கவில்லை. இக்குறையை இவ்விழாவில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை நம்மில் பலர் அறிவோம். வகுப்பறையின் ஒரு மூலையில், தாமே வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித்துண்டின் மேல் அவர் தனியே அமர வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் ஊழியர் அக்கோணியைத் தொடமாட்டார். ஆதலால் மாலையில் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் சுமந்துவர வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. எழுத்தையும் கணக்கையும் கற்பிப்பதற்கு முன்னரே அப்பள்ளி அவருக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்க முயன்றது: 'உன் இடம் மூலை' என்பதே அப்பாடம்.

அது பழைய காலம் என்று சொல்லி அமைதி கொள்ள இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஊர்த்தெருவிலிருந்தும் சேரியிலிருந்தும் குழந்தைகள் வரும் ஒரு மையத்திற்கு நாம் சென்றிருந்தோம். பாய் விரித்திருந்தது. எனினும் நம் தெருவைச் சேர்ந்த மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வாசற்படியோரமாகவே உட்கார்ந்திருந்தது. அதன் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளர் ஒன்று. "அங்கே உட்காரு என்று யாரும் சொன்னதில்லை" என்றார் பணியாளர். அவர் கூறியது உண்மையே. மாலையில் தாயைக் கண்டு வினவினோம். "யாராவது சொல்றதுக்கு முன்னாடி நாமளே ஒதுங்கிக்கிட்டா, பிள்ளைக்கு அவமானம் இல்லீங்களே" என்றார் அத்தாய்.

அவரைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. தாம் பட்ட காயம் மகளுக்கு நேரக்கூடாது என்று அவர் எண்ணினார். அவ்வளவே. ஆனால் மூன்றே வயதில் அக்குழந்தை மூலைப் பாடத்தை முழுமையாகக் கற்று முடித்திருந்தது.

அம்மையத்தின் பணியாளர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. மறுவாரம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வகைத் தம்ளர்களை வாங்கி வைத்தார். பாய்களை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டார். வட்டத்திற்கு முன்வரிசையும் இல்லை, கடைசி இடமும் இல்லை. தாமும் தரையில் அமர்ந்து அக்குழந்தையின் பக்கத்திலிருந்து உண்டார். உணவு பரிமாறுவதை நாள்தோறும் வெவ்வேறு குழந்தையிடமிருந்து தொடங்கச் செய்தார். ஊர்த்தெருக் குழந்தைகள் மூவர் ஒரு வாரம் வரவில்லை. அவ்வீடுகளுக்குச் சென்று, குழந்தையின் எடைக் குறிப்பைக் காட்டிப் பொறுமையாகப் பேசினார். இருவர் திரும்பி வந்தனர், ஒருவர் வரவேயில்லை. இரண்டு மாதம் கழித்து நாம் மீண்டும் சென்றபோது, அப்பெண் குழந்தை வட்டத்தில் அமர்ந்து, ஒரு பொம்மைக்காகப் பக்கத்துக் குழந்தையோடு சண்டையிட்டுக் கொண்டிருந்தது. அச்சண்டையைக் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

சகோதரியரே! நீங்கள் பணியாற்றும் அங்கன்வாடியின் பெயரிலேயே இவ்வரலாறு அடங்கியிருக்கிறது. 'அங்கன்' என்றால் முற்றம். தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல், மேற்குக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூரில் பாலர் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் பள்ளிக் கட்டடத்தைத் தேடி வரவில்லை. எனவே பள்ளியே அவர்கள் குடியிருப்பின் முற்றத்தைத் தேடிச் சென்றது. வீட்டு முற்றத்தில், அம்மக்களுக்கு வசதியான நேரத்தில், அங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். 1975 அக்டோபர் 2-ஆம் நாள், நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்னும் பெயர் அமைந்தது. ஆக, நம்மைப் போன்ற மக்களின் முற்றத்திற்காகப் பிறந்த பள்ளி அது. அங்கே நம் குழந்தை ஒதுங்கி உட்காருமானால், அப்பள்ளி தன் பெயரையே மறந்துவிட்டது என்று பொருள்.

இளம் பருவக் கல்விக்கு இத்துணை முதன்மை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். மனித மூளை ஆறு வயதிற்குள், வளர்ந்தோர் மூளை அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. சொல், அச்சம், நம்பிக்கை, பிறரோடு பழகும் முறை ஆகியவற்றுக்கு அடித்தளம் அப்பருவத்திலேயே இடப்படுகிறது. நம்மைப் போலவே ஒடுக்குமுறைக்கு ஆளான மற்றொரு மக்களிடையே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி நகரில், 1962 முதல் 1967 வரை பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் நடைபெற்றது. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் அப்பள்ளி வாய்த்தது, ஏனையோருக்கு வாய்க்கவில்லை. அவர்களை 40 வயது வரை தொடர்ந்து கவனித்தனர். பாலர் பள்ளியில் பயின்றோரிடையே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தோர் மிகுதியாக இருந்தனர். வேலையும் வருவாயும் மிகுந்திருந்தன. பலமுறை கைதானோர் குறைந்திருந்தனர்.

அங்கே இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்கு நான்கு ஆசிரியர்கள் இருந்தனர். நம் மையங்களில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருந்தாலே பெரிது. ஆகவே அதே பயன் இங்கும் அப்படியே விளையும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்பள்ளியின் வழிமுறைகள் சில நமக்கும் இயலும். குழந்தை தானே திட்டமிட்டு விளையாடியது. ஆசிரியர் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் குழந்தையின் வீட்டிற்குச் சென்று தாயோடு பேசினார். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

இனிப் பணிமுறை பற்றிச் சில கூறுவோம். மையங்களில் நாம் கண்டவையும், அண்மை ஆண்டுகளின் பயிற்சிகளில் வலியுறுத்தப்படுவனவும் இவற்றில் அடங்கும்.

முதலாவது, பெயர். குழந்தையைக் காலையில் அதன் முழுப் பெயரைச் சொல்லி, முகம் பார்த்து வரவேற்க வேண்டும். நிறத்தையோ, உடற்குறையையோ, தெருவையோ, தந்தையின் தொழிலையோ குறித்து அழைக்கும் வழக்கம் அன்பினால் நேர்ந்ததாயினும் விட்டொழிக்கத்தக்கது. 'இவன் அந்தத் தெருப் பிள்ளை' என்று குழந்தை கேட்க மற்றவரிடம் சொல்லுவதும் அவ்வாறே.

இரண்டாவது, பேச்சு. நம் குழந்தை வீட்டில் பேசும் தமிழ் பிழைத்தமிழ் அன்று. அது அதன் தாய் தந்த செல்வம். அதனை நகைத்தால் குழந்தை வாய்மூடிவிடும். வாய்மூடிய குழந்தை பின்னர் வாசிப்பிலும் பின்தங்கும். குழந்தை சொன்னதை ஏற்று, மேலும் ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "ஆடு" என்று குழந்தை காட்டினால், "ஆமாம், கறுப்பு ஆடு. அது என்ன தின்கிறது?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்னும் விடையோடு முடியாத வினாக்களே பேச்சை வளர்க்கும். பாட்டியின் கதையும், நடவுப் பாட்டும், பறையின் தாளமும் மையத்திற்குள் வரட்டும். அடி வைத்து ஆடும் குழந்தை எண்ணையும் கற்கிறது; தன் மக்களின் கலை இகழத்தக்கதன்று என்பதையும் கற்கிறது.

மூன்றாவது, விளையாட்டு. இதில் நாமே தவறு இழைத்தோம். நம் கழகம் முன்பு நடத்திய பாலர் பள்ளியில், பார்வையாளர் வரும் நாளில் மூன்று வயதுக் குழந்தைகளைச் சிலேட்டில் 'அ'கரம் எழுத வைத்துப் பெருமை கொண்டோம். ஒரு சிறுவன் சிலேட்டைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு அழுதான். அவனைச் சோம்பேறி என்றோம். மூன்று வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன என்பதை நாம் அன்று அறிந்திருக்கவில்லை. அக்கை முதலில் களிமண் பிசைய வேண்டும். காகிதம் கிழிக்க வேண்டும். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றில் ஊற்ற வேண்டும். மணலில் விரலால் கோடு இழுக்க வேண்டும். எழுத்து அதன்பின் எளிதில் வரும். புளியங்கொட்டை, மணி போன்ற சிறு பொருள்களை வாயில் போடும் வயதுக் குழந்தைகளிடம் மட்டும் கொடுக்கலாகாது, தொண்டையில் சிக்கும். தமிழகத்தின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும், மூன்று முதல் ஆறு வயதுக்கென நடுவண் அரசு 2024-இல் வெளியிட்ட 'ஆதார்ஷிலா' பாடத்திட்டமும் விளையாட்டின் வழியே கற்பதையே அடிப்படையாகக் கொண்டவை. பெற்றோர் சிலர், "பால்வாடியில் சும்மா விளையாடத்தானே விடுகிறார்கள்" என்று கூறிக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களை மையத்திற்கு அழைத்து ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். தம் பிள்ளை விதைகளைப் பெரிது, சிறிது எனப் பிரிப்பது கணக்கின் தொடக்கம் என்பதை அவர்களே காண்பார்கள்.

நான்காவது, எடை. மாதந்தோறும் எடை பார்ப்பது பதிவேட்டை நிரப்புவதற்கு மட்டுமன்று. தராசின் முள்ளோ எண்ணோ சுழியில் நிற்கிறதா என்று பார்த்து, கனத்த உடைகளைக் களைந்து நிறுக்க வேண்டும். ஒரே ஒரு மாத எடையைக் காட்டிலும், மூன்று மாதக் கோடு மேலேறுகிறதா, படுத்துவிட்டதா என்பதே முக்கியம். கோடு படுத்திருந்தால் பலர் முன்னிலையில் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாற்று நட்டுவிட்டு வரும் தாய்க்குத் தெரியாத பசி ஒன்றுமில்லை. தனியே அழைத்துக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீட்டில் ஊட்டுவோர் யார் என்பனவற்றைக் கேட்டு, வேண்டுமாயின் சுகாதார நிலையத்திற்கு உடன் செல்லுங்கள். நடை, பேச்சு, கேட்டல் ஆகியவற்றில் தாமதம் கண்டாலும், 'போகப் போகச் சரியாகும்' என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள்.

ஐந்தாவது, அச்சமின்மை. அடியும், மிரட்டலும், 'போலீஸ் பிடித்துக்கொள்ளும்' என்னும் சொல்லும் மையத்தில் இருத்தலாகாது. நம் குழந்தைகள் அச்சத்தை வேண்டிய அளவு வெளியில் காண்கிறார்கள். குழந்தையின் உடலில் காயமோ நடத்தையில் திடீர் மாற்றமோ கண்டால் அதனைக் குறித்துவைத்து விசாரியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நிகழ்ந்ததென அறிந்தோர் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை. ஊர்ப் பெரியவர் பேசி முடித்துவைப்பதற்கு அதில் இடமில்லை. 1098 என்னும் தொலைபேசி எண் எல்லா மையச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

ஆறாவது, வீடு. வாரம் இரண்டு வீடுகளுக்கேனும் செல்லுங்கள். குறை சொல்லச் செல்லாமல், குழந்தை அன்று செய்த நல்ல செயல் ஒன்றைச் சொல்லச் செல்லுங்கள். "உங்க பிள்ளை இன்னைக்குத் தன் பங்கைப் பகிர்ந்து கொடுத்தான்மா" என்ற சொல்லைக் கேட்ட தாய், மறுநாள் பிள்ளையைத் தாமே கொண்டுவந்து விடுவார். பள்ளியிலிருந்து வந்த சொல் எதுவும் பாராட்டாக இருந்ததில்லை என்பதே நம் பெற்றோர் பலரின் அனுபவம். அவ்வனுபவத்தை மாற்றுவது உங்கள் கையில் உள்ளது.

இவ்வளவையும் உங்களிடம் கேட்கும் நாம், உங்களுக்கு என்ன செய்தோம்? நம் தெருவிலேயே பணியாளரைப் பலர் 'சோறு போடுபவர்' என்றே பேசுகிறார்கள். 2018 அக்டோபரில் நடுவண் அரசு பணியாளரின் மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது; மாநிலம் கூடுதலாகத் தருவது தனி. 'ஊதியம்' என்னும் சொல்லுக்கு முன் 'மதிப்பு' என்று சேர்த்துவிட்டு மதிப்பைக் குறைத்த கதை அது. எனினும் 2022 ஏப்ரல் 25-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற உரியவர் என்று தீர்ப்பளித்தது. இதனை ஒவ்வொரு பணியாளரும் அறிந்திருத்தல் வேண்டும். பணியில் சேர்ந்த ஆணை முதல் இறுதி வரை எல்லாத் தாள்களையும் பாதுகாத்து வையுங்கள். மாதம் ஒரு மாலை அண்டை மையத்துப் பணியாளர்கள் கூடி, அம்மாதம் நேர்ந்த ஒரு சிக்கலையும் கண்ட ஒரு வழியையும் பேசிக்கொள்ளுங்கள். அதற்கு நம் கழகக் கட்டடத்தின் கதவு திறந்திருக்கும்.

இளைஞர்களே! உங்களுக்கும் பணி உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தந்து மையங்கள் அமைக்க வேண்டும் என்றும், ஆறு வயதிற்குட்பட்ட 40 குழந்தைகளேனும் இருந்தும் மையமில்லாத குடியிருப்பினர் கேட்டால் மூன்று மாதத்திற்குள் மையம் தர வேண்டும் என்றும் அது கூறிற்று. பின்னர் 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மையத்தின் வாயிலாக இலவச உணவு பெறுவதை உரிமையாக்கியது. எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுங்கள். மையம் இருக்கிறதா? நம் குழந்தை நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறதா? வழியில் கிணறோ நெடுஞ்சாலையோ குறுக்கிடுகிறதா? கூரை ஒழுகுகிறதா? தண்ணீரும் கழிப்பிடமும் உண்டா? இவற்றைத் தெளிவாக எழுதி ஊர்க்கூட்டத்திலும் அலுவலகத்திலும் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான சான்றினைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒருநாள் மையத்திற்குள் சென்று, குழந்தைகள் எவ்வாறு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம் முன்னோர் பள்ளியின் வாசலைத் திறக்கப் போராடினர். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியது அப்போராட்டத்தின் ஒரு பகுதியே. வாசல் திறந்தது. ஆனால் திறந்த வாசலின் ஓரத்திலேயே நம் குழந்தை உட்கார்ந்துவிடாமல் உள்ளே அழைத்துச் சென்று பாயில் அமர்த்தும் பணி நம்முடையது. கோணித்துண்டைச் சுமந்து சென்ற சிறுவர் ஒருவர் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்தளித்தார். எல்லாக் குழந்தையும் அத்துணைப் பாரத்தைச் சுமந்தே உயர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையாகாது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கை நம் கழகம் எழுதும்போது, பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் மற்றொரு வரியும் இடம்பெறட்டும்: நம் குடியிருப்புகளில் வாசற்படியோரம் ஒதுங்கி அமரும் குழந்தை ஒன்றும் இல்லை என்பதே அவ்வரி.

அதனை எழுதவல்ல கைகள், காலையில் மையத்தின் கதவைத் திறந்து பாய் விரிக்கும் உங்கள் கைகளே, சகோதரியரே. அக்கைகளுக்கு நம் வணக்கம்.